கம்பி நுழைந்த பழங்கள்

நறுக். அதன் பின்னால் ஈரமாக ஓர் உறிஞ்சல். கொஞ்ச நேரம் தாடை அரைக்கும் ஓசை, பிறகு மறுபடி நறுக். நான் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சங்கரலிங்கம் சித்தப்பா ஆப்பிள் தின்றார். அப்பாவுக்கென்று அவரே வாங்கிவந்த ஆப்பிள்தான். அப்பாவால் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை, பழம் வீணாகப் போய்விடுமே என்று ஒன்றை எடுத்தார், அது முடிந்ததும் அடுத்ததை எடுத்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார், ஆனால் ஒவ்வொரு கடிக்கும் இமை துடித்தது. தின்று முடித்துக் கையை அப்பாவின் போர்வை ஓரத்தில் துடைத்துக்கொண்டு, அண்ணன் முகத்தில் தெளிவு வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா பஸ் பிடிக்கப் போனார். அந்தக் காலத்தில் ஆப்பிள் என்றால் நோயாளிப் பழம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பசிக்கோ ருசிக்கோ வாங்கியதில்லை. பழைய பாட்டுகளில் மாவும் பலாவும் நாவலும் நெல்லியும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, ஆப்பிள் எந்தப் பாட்டிலும் விழவில்லை, அது நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில்தான் வந்து விழுந்தது என்று அன்றைக்கே தோன்றியது. இன்றும் வழக்கம் அதேதான், காகிதப் பைக்குப் பதில் பிளாஸ்டிக் பை. இப்போது என் கத்திக்குக் கீழே அந்த நறுக் சத்தம்கூட வரவில்லை. மாவாகிப்போன பழங்கள். ஈர மணலுக்குள் போவதுபோல் கத்தி உள்ளே போகிறது. இவற்றையும் ஆஸ்பத்திரிக்குத்தான் அறுக்கிறேன், பெரியாஸ்பத்திரியில் இடுப்பு நொறுங்கிக் கிடக்கிற அன்னக்கொடிக்கு. அவள் இடுப்பை நொறுக்கியதும் இதே பழங்கள்தான்.

முந்தாநாள் கட்சித் தலைவர் எங்கள் ஊர் வழியாகப் போனார். என் மகன் இளம்பரிதி அவருக்கு ஆப்பிள் மாலை போட்டான். மாலை என்றால் கழுத்தில் போடுவது இல்லை. கட்டுக்கம்பியில் பழத்தைக் குத்திக் குத்திக் கோத்து, தொடைப் பருமனுக்குத் திரித்து, கிரேனில் தொங்கவிடுவது. தலைவர் வேனின் கூரையைத் திறந்துகொண்டு மேலே வருவார், மாலை அவர் தலைக்கு மேல் வளைவுபோல ஆடும், அண்ணாந்து ஒரு கும்பிடு போடுவார், வேன் நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு மாலை கூட்டத்துக்கு. எட்டிக் குதித்துப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப் பிய்க்கிற காட்சிதான் முக்கியம், அதைத்தான் ஊரெல்லாம் செல்போனில் பார்க்கிறார்கள் என்று என் மருமகள் தாரிணி எனக்குப் பாடம் நடத்தினாள். போன மாதம் எதிர்க்கோஷ்டிக்காரன் அன்னாசிப் பழத்தில் மாலை கட்டினானாம், முள் குத்தும் என்று ஒருவரும் குதிக்கவில்லையாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். குதிப்பதற்கென்று தெருப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனதும் அவள்தான். அன்னக்கொடியும் போனாள். எங்கள் மதிற்சுவர் நிழலில் தேய்ப்பு வண்டி போட்டிருப்பவள், தாரிணி கூப்பிட்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள். செல்போனில் அதைப் பார்க்க மாட்டேன் என்றேன். பார்த்தேன். மாலை மிக உயரத்தில் நிற்கிறது, பெண்கள் கையை நீட்டிக் குதிக்கிறார்கள், எட்டவில்லை. கிரேன்காரர் கீழே ஆட்கள் நிற்கிறார்கள் என்று கையை அசைக்கிறார். ஒரு குரல், இறக்கு, இறக்கு, அட இறக்குய்யா, என்கிறது. பெற்றவளுக்குக் குரல் தெரியாதா. பிறகு ஒரு பக்கத்துக் கொக்கி விட்டுப்போய் மொத்தமும் சரிகிறது. பழங்கள் தார் ரோட்டில் உருண்டு ஓடுகின்றன. உருண்டதை முதலில் பொறுக்கினார்கள். பிறகுதான் அடியில் கிடந்த அன்னக்கொடியைப் பார்த்தார்கள். ஒருவன் பொறுக்கிய பழத்தைச் சட்டையில் துடைத்துக் கடித்துக்கொண்டே பார்த்தான். பொறுக்காமல் மிஞ்சியது சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்று அன்னக்கொடியிடம் வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வருகிறது. யாரும் எதையும் இறக்கவில்லை, ஓடிவந்த வேகத்தில் நானே வழுக்கி விழுந்தேன், மாலை அதற்குப் பிறகுதான் விழுந்தது என்று அவள் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பரிதி போய் அவளைப் பார்க்கிறான். அவன்கூட நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறான். படிச்சம்மா என்று அவள் என்னைக் கூப்பிடுவாள். என்மேல் அவளுக்கு மரியாதை. அந்த மரியாதையைத்தான் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். காலையில் கேட்டான், நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை, கத்தியை எடுத்தேன்.

ஒவ்வொரு பழத்திலும் கம்பி போன வழி இருக்கிறது. ஒரு பக்கம் ஊசித் துளை, மறுபக்கம் தோல் கிழிந்து வாய் பிளந்திருக்கிறது. பிளந்தால் நடுவில் பழுப்பாக ஒரு பாதை, அதன் ஓரமெல்லாம் துரு. சீவி எறிகிறேன், சீவச் சீவ இன்னும் உள்ளே போகிறது, கடைசியில் கையில் பழமே இருப்பதில்லை. தோலில் மெழுகு. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகச் சுருண்டு நகக்கண்ணில் ஏறுகிறது. வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன், தண்ணீர்மேல் கொழுப்பு கண்கண்ணாக மிதந்து என்னைப் பார்த்தது. ஒரு பழத்தின் துளையில் யாருடைய தலைமுடியோ சிக்கியிருந்தது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஜன்னலைத் திறந்து நின்றேன். ஜன்னலுக்கு எதிரே மின்கம்பத்தில் என் மகன் கட்டியிருக்கிறான் தன்னைத்தானே. பேனரில் பல் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. தாடையை யாரோ மெலிய வைத்திருக்கிறார்கள், அவன் அப்பாவின் தாடை அது, அதை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் அதே பல். இளம்பரிதி என்று பெயர் வைத்தது நான்தான். பிரசவ ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வைத்தேன், மூன்று எழுத்துக்கு ஒரு முறை மூச்சு விட்டுச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு அவ்வளவு இதமாக இருந்தது. இப்போது ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைத் துப்புகிறார்கள். காதில் விழும்போதெல்லாம் யாரோ என் உள்பாவாடையை எடுத்துக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டதுபோல் இருக்கிறது. சரி, பழத்தைப் பார். இந்தப் பழத்தில் ஒரு கறை இருக்கிறது. துளையின் வாயைச் சுற்றி, கரும்பழுப்பாக, காய்ந்து, விளிம்பில் வெடித்து. துரு இப்படி வெடிக்குமா. துரு தூளாகத்தானே வரும். ஒருவேளை தாரோ. தார் மினுங்கும், இது மினுங்கவில்லை. குழாயடியில் பிடித்தேன், கரைந்த தண்ணீர் லேசாக நிறம் மாறிப் போயிற்று, துருவும் தண்ணீரில் அந்த நிறந்தான் விடும். மோந்து பார்த்தேன். என் வயதில், குளித்து நெற்றிக்கிட்டு, அடுப்படியில் நின்று ஒரு பழத்தை நாய்போல மோந்து பார்க்கிறேன். இரும்பு வாசனை. இரண்டுக்கும் இரும்பு வாசனைதான். அந்தப் பழத்தைத் தொட்டிக்கு ஓரமாகத் தனியே வைத்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். மற்றவற்றை அறுக்கப் போனேன், கண் அதற்கே போயிற்று. மற்றவை மட்டும் எங்கே தொங்கின, ஒரே மாலையில்தானே தொங்கின. ஒன்றைத் தனியே வைத்துவிட்டால் மற்றவை சுத்தமாகிவிடுமா. மறுபடி கழுவினேன்.

தாரிணிதான் செய்முறை காட்டினாள். அன்னக்கொடிக்குத் தாடையிலும் அடி, மெல்ல முடியவில்லை, குழைவாகச் சூடாக ஏதாவது கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி செல்போனுக்குள் சிரித்துக்கொண்டே சட்டியில் வெண்ணெயை உருக்கி ஆப்பிள் துண்டுகளை வதக்கிப் பட்டைப்பொடி தூவினாள். இதுதான் அத்தை, உங்க கைப்பக்குவத்துல செஞ்சீங்கன்னா அந்தம்மா சந்தோஷப்படும் என்றாள். சந்தோஷம். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். தாளித்துத் தாளித்துக் கறுத்த சட்டி, என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னிடம் இருப்பது, இந்த வீட்டில் எனக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்க சாமான் இது ஒன்றுதான். வெண்ணெய் உருகிப் பொருமியது. துண்டுகளைப் பரப்பினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரங்கள் வெளுத்து, வியர்த்து, கண்ணாடிபோல் ஆகி, அடிப்பக்கம் பொன்னாகச் சிவந்தன. நாட்டுச் சர்க்கரை போட்டேன். பட்டை, இரண்டு கிராம்பைத் தட்டி, ஜாதிக்காயை ஒரு இழை உரசி, உப்பு ஒரு சிட்டிகை, கடைசியில் எலுமிச்சை. அப்போது எழுந்தது பார் அந்த வாசனை. கோயில் மடைப்பள்ளியும் பிரியாணிக் கடையும் ஒன்றாக வந்து நின்றதுபோல. எனக்கு வாயில் நீர் ஊறியது. இந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அரை நாழிக்கு முன்னால் இதிலிருந்து தலைமுடியை உருவினேன், இருந்தும் நாக்கடியில் ஊறுகிறது, விழுங்க வேண்டியிருக்கிறது. உடம்பைப்போல் வெட்கம் கெட்டது ஒன்றும் இல்லை. பரிதியின் அப்பா இறந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பு வாசனை வந்தபோதும் இப்படித்தான் ஊறியது, பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து எச்சில் விழுங்கினேன், அழுகையை விழுங்குகிறாள் என்று யாரோ முதுகைத் தடவினார்கள். கூடத்தில் தாரிணி தரையில் உட்கார்ந்து கூடை அடுக்குகிறாள். முழுப் பழமும் கொண்டுபோகிறார்கள். சமைத்தது அன்னக்கொடிக்கு, முழுசு படம் எடுக்க. கூடையில் தெரிய வேண்டாமா. சாக்கிலிருந்து நல்லதாகப் பொறுக்கித் துணியால் பளபளவென்று துடைக்கிறாள். பழத்தோடு வந்த சின்ன ஸ்டிக்கர்களை நகத்தால் மெல்ல உரித்து, இடம் மாற்றி, கம்பி போன துளையின்மேல் ஒட்டுகிறாள். விரலால் அழுத்திச் சரிபார்க்கிறாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல் அவ்வளவு கவனம். எனக்கு அவளைத் திட்டக்கூட வாய் வரவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் சாக்கு நிறைய ஆப்பிள் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடைக்குப் போவது. அவள் கணக்கில் பிசகே இல்லை. விழுந்தது எது என்பது அவள் மனதுக்குள் வரவே இல்லை, ஒரு தடவைகூட.

அன்னக்கொடி ஆப்பிளைத் தொடமாட்டாள். அதைப் போய்ப் பழம்னு திங்கிறீங்களே படிச்சம்மா, தலகாணிப் பஞ்சுல தண்ணிய ஊத்துன மாதிரி இருக்கு, என்பாள். கொய்யாதான் அவளுக்குப் பழம். பிஞ்சுக் கொய்யாவை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு, தேய்ப்புப் பெட்டியின் கரி சிவக்கிற வரை நின்று தின்பாள். கரியை ஊதும்போது கன்னம் உப்பி, பொறி பறக்கும். துணி கொடுக்கப் போனால் சேலையை விரித்துப் பார்த்து, இந்த வயசுலயும் பூப்போட்டதா என்று கிண்டல் செய்வாள். பூ வாடுறதுக்குள்ள கட்டிக்க வேண்டாமாடி என்பேன். நான் புத்தகம் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தால், என்ன போட்டுருக்கு, வாய்விட்டுத்தான் படிங்களேன், எனக்கும் பொழுது போகட்டும், என்பாள். படிப்பேன். புரிந்ததா என்றால், புரிஞ்சா என்ன புரியாட்டி என்ன, கேக்க நல்லாருக்கு, என்பாள். இந்தத் தெருவில் என் வாயிலிருந்து வந்த ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்ட மனுஷி அவள் ஒருத்திதான். இப்போது அவள் தலைமாட்டில் நான் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வந்துட்டீங்களா படிச்சம்மா என்பாள். வலியிலும் கிண்டலாக ஏதாவது சொல்வாள். பரிதி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று, அக்கா, நீங்களாத்தானே வழுக்குனீங்க, என்று ஆரம்பிப்பான். அவள் அவனைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள். நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. சுவரைப் பார்த்தால் ஆமாம் என்று அர்த்தம். அவளைப் பார்த்தாலும் ஆமாம் என்றுதான் அர்த்தம். வாய்திறந்து இல்லை என்று சொன்னால், அங்கே, அத்தனை பேர் முன்னால், மகனை... சொல்வேனா. துண்டுகள் அடி பிடிக்கின்றன, கிளற வேண்டும். சொல்வேனா என்று கேட்டுக்கொண்டே கிளறுகிறேன். இதை அவளுக்குக் கொண்டுபோனால் தின்பாளா. தின்பாள். நான் செய்தது என்று சொன்னால் தின்பாள். பஞ்சு என்று சொல்லமாட்டாள். இந்த வீட்டிலிருந்து வந்த எதையும் அவள் வேண்டாமென்று சொன்னதில்லை. மிச்சக் குழம்பு, பழைய செருப்பு, போன தீபாவளிக்குத் தாரிணி கட்டிக் கழித்த சேலை. மதிற்சுவரின் நிழல் எங்களுடையது. வெயில் அந்தப் பக்கம் போகும்போது நிழலோடு கூட நகர்த்திக்கொள்வாள் வண்டியை. அப்படியானால் என் மரியாதை எதற்கு, நான் எதற்கு, நிழல் போதுமே, நான் போகாவிட்டாலும் அவள் சொல்லத்தான் போகிறாள். இது தோன்றியதும் கரண்டியை வைத்துவிட்டேன். போகாமல் இருப்பதும் ஒன்றுமில்லை, என் கையை மட்டும் கழுவிக்கொள்வது, சோப்புப் போட்டு. நானும் இந்த வீட்டு நிழலில் நிற்கிற வண்டிதான். மாத்திரை அவன் வாங்கிக் கொடுப்பது, கண்ணாடி அவன் மாற்றிக் கொடுத்தது. ராத்திரி கால் குடைந்தால் வந்து பிடித்துவிடுகிறவன் அவன்தான், அதையும் சொல்ல வேண்டும், அவன் விரலுக்கு இதம் தெரியும். அந்த விரலைத்தான் கிரேனைப் பார்த்து ஆட்டியிருப்பான். பயமாக இருக்கிறது. அவனைப் பார்த்து இல்லை. இந்த அருவருப்பு இன்றைக்குச் சாயங்காலம் ஒரு காபி குடித்ததும் அடங்கிவிடுமோ என்று பயம். நாளைக்கு நான் அவனிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்வேனோ என்று.

பரிதி அடுப்படி வாசலில் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை. அன்னக்கொடி தேய்த்துக் கொடுத்தது, கைமடிப்பு கத்திபோல் நிற்கிறது. அவளைப் பார்க்கப் போக அவள் மடித்த மடிப்பையே போட்டிருக்கிறான், கலைந்துவிடாமல் கையைக் கொஞ்சம் அகட்டி வைத்திருக்கிறான். சட்டிக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதி ஊதி மென்றான். பாகு விரலில் வழிந்தது, சப்பினான். உதடு மினுங்கியது. சித்தப்பா ஞாபகம் வந்தது.

"நல்லாருக்கும்மா. இன்னுங் கொஞ்சம் சக்கரை போட்டிருக்கலாம்" என்றான். "சேலை மாத்தலையா? வண்டி வந்துருச்சு."

"நான் வரலை."

அவன் முகம் மாறவில்லை. சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்து வைத்திருக்கும்போதும் முகம் மாறாது. சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம், வருகிற வழியில் கண் டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று அடுக்கினான். மேடைக்குப் பழகிய குரல் அடுப்படிக்குள் கொள்ளவில்லை, பாத்திரங்களில் மோதித் திரும்பியது. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பேச்சு தானாக வந்தது.

"இறக்கு, இறக்குன்னு சொன்னது நீதான். அதை அவகிட்டப் போய் உன் வாயால சொல்லு. பழம் ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட போ."

அவன் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தான். இன்னொரு துண்டை எடுக்க வந்த விரலைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மெலிய வைக்காத தாடை நடுங்கியதுபோல் இருந்தது, இதோ சொல்லிவிடுவான், பயமா இருக்கும்மா என்று சொல்லிவிடுவான், சொன்னால் நான் போவேன், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன், அவனோடு நின்று அவன் சொல்லி முடிக்கிற வரை அவள் முகத்தை நேராகப் பார்ப்பேன் என்று அவன் வாயையே பார்த்து நின்றேன்.

"எல்லாருந்தாம்மா சொன்னாங்க" என்றான். "என் சத்தம் பெருசாக் கேட்டுருச்சு. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து தாரிணி, அந்தம்மாவே ஒன்றும் நினைக்கவில்லை, செலவெல்லாம் நாம்தான் பார்க்கிறோம், அத்தைதான் இதைப் பெரிதாக்குகிறார்கள் என்று மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே எனக்கும் சட்டிக்கும் நடுவில் வந்து, கரண்டியை எடுத்து, துண்டுகளை ஹாட்பாக்ஸுக்குள் வழித்தாள். நான் தடுக்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். சட்டியோடு தொட்டியில் கவிழ்த்திருக்கலாம். ஆனால் அங்கே ஒருத்தி ஒன்றும் மெல்ல முடியாமல் கிடக்கிறாள், இது குழைவாக இருக்கிறது, சூடாக இருக்கிறது. மூடியைத் திருகினாள். கூடையை அவன் எடுத்துக்கொண்டான். தொட்டி ஓரத்தில் நான் தனியே வைத்திருந்ததை, இது நல்லாத்தானே இருக்கு என்று தாரிணி எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, கறை இருந்த இடத்தை அடிப்பக்கமாகத் திருப்பிக் கூடையின் நடுவில் வைத்தாள். அதை வை என்றேன். காதில் விழவில்லை, அல்லது அவ்வளவு சத்தமாக நான் சொல்லவில்லை. கார்க் கதவைச் சாத்தினார்கள், மறுபடி திறந்து சாத்தினார்கள், யாருடைய முந்தானையோ மாட்டியிருக்கும்.

வீடு முழுக்கப் பட்டை வாசனை. திரைச்சீலையில், தலையணையில், என் தலைமுடியில். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன், அது வெளியே போக மனமில்லாமல் சுற்றியது. மதிற்சுவர் நிழலில் தேய்ப்பு வண்டி தார்ப்பாயை மூடிக்கொண்டு நிற்கிறது. வெயில் அந்தப் பக்கம் போய்விட்டது, நகர்த்த ஆள் இல்லாமல் பாதி வண்டி வெயிலில். சட்டியில் பாகு கறுத்து ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், சீறியது. நார் போட்டுத் தேய்த்தேன், கறுப்பு கறுப்பாக வந்தது, எது பாகு எது சட்டி என்று தெரியவில்லை. ஓரத்தில் ஒரு துண்டு தப்பிக் கிடந்தது. எடுத்து எறியத்தான் எடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பு, ஓரத்தில் லேசான கசப்பு, கிராம்பின் காரம், எதுவும் குறையவில்லை, சர்க்கரைகூடச் சரியாகத்தான் இருந்தது. பல்லே வேண்டியிருக்கவில்லை, நாக்கிலேயே கரைந்து இறங்கிவிட்டது. பிறகுதான் குமட்டியது. குழாயடியில் குனிந்து நின்றேன், ஒன்றும் வரவில்லை, வெறும் எச்சில். வாயைக் கொப்பளித்தேன், பல்செட்டைக் கழற்றித் தேய்த்தேன், மறுபடி கொப்பளித்தேன். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்னக்கொடி அன்று பகலிலேயே, ஓடிவந்த வேகத்தில் தானாக வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டாள். இடுப்பு எலும்பு கூடவில்லை. உசிலம்பட்டியில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாள்.